படேவியாவின் நொண்டிக் கோழிகள்

1889ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜாவா தீவில் டச்சுக்காரர்களின் தலைநகரமாக இருந்த படேவியா (இன்றைய ஜகார்த்தா). அங்கே ராணுவ மருத்துவமனையை ஒட்டி ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் கூண்டுகளில் இருந்த கோழிகள் ஒவ்வொன்றாக நொண்ட ஆரம்பித்தன.

முதலில் நடையில் ஒரு தள்ளாட்டம். பிறகு கால் விரல்கள் மடங்கி, கம்பின் மேல் உட்கார முடியாமல் கீழே விழும். தூக்கி நிறுத்தினால் இரண்டடி வைத்துவிட்டு முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடும். சில நாட்களில் ஒருக்களித்துப் படுத்துவிடும். அப்புறம் இறக்கைகள் தொங்கும், கழுத்து நிற்காது, கொண்டை நீலம் பாரிக்கும், மூச்சு மெதுவாகும், உடம்பு சில்லிட்டுப் போகும். அத்தோடு கதை முடிந்தது.

நம்மூரில் வீட்டுக்குக் கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. "கோழிக்கு வாதம் வந்துடுச்சு" என்று சொல்லி, ஒன்று கை வைத்தியம் பார்ப்பார்கள், இல்லையென்றால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவார்கள். படேவியாவில் குழம்பு வைக்காமல் ஒருவர் அந்தக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் 'வைட்டமின்' என்ற ஒரு சமாச்சாரம் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. அவர் பெயர் கிறிஸ்டியான் எய்க்மன். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தக் கோழிகளிடம் தேடியது வேறு, கிடைத்தது வேறு. கிடைத்ததற்கு அவர் சொன்ன விளக்கமும் தப்பு!

அவர் கோழிகளிடம் எதைத் தேடினார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றால் பெரிபெரி என்ற நோயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெரிபெரி என்ற பெயர் சிங்களத்திலிருந்து வந்தது என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. 'பேரி' என்றால் முடியாது. 'முடியாது, முடியாது' என்று இருமுறை சொன்னால் நோயின் பெயர். பொருத்தமான பெயர்தான். கால் மரத்துப்போகும், தசைகள் சூம்பும், நடக்க முடியாது, எழுந்திருக்க முடியாது. இது ஒரு வகை. இன்னொரு வகையில் உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, இதயம் பலவீனமாகி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று செத்துப்போவார். அரிசி சாப்பிடும் ஆசிய நாடுகளில், அதிலும் சிறை, ராணுவ முகாம், கப்பல், சுரங்கம், மனநோய் விடுதி என்று மனிதர்களை ஒரே இடத்தில் அடைத்துப் பொதுச் சாப்பாடு போட்ட இடங்களில், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த நோய் தாண்டவமாடியது.

டச்சுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. சுமத்ராவின் வடகோடியில் இருந்த அச்சே சுல்தானியத்தோடு 1873இல் அவர்கள் தொடங்கிய போர் முடிகிற வழியாக இல்லை. அனுப்பிய சிப்பாய்கள் எதிரியின் குண்டுக்கு முன்பே பெரிபெரிக்குப் பலியானார்கள். சிறைகளிலோ சின்னத் திருட்டுக்காக உள்ளே போனவர்கள் பிணமாக வெளியே வந்தார்கள். எனவே 1886இல் ஹாலந்து அரசு ஒரு குழுவை அனுப்பியது. கொர்னேலிஸ் பெகெல்ஹாரிங் என்ற உட்ரெக்ட் பேராசிரியரும், கொர்னேலிஸ் விங்க்லர் என்ற நரம்பியல் மருத்துவரும் அதில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் காலராக் கிருமி. எந்த நோயை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கிருமி ஒளிந்திருக்கிறது என்று நம்பிய காலம் அது. பெரிபெரியும் கூட்டம் கூடிய இடத்தில்தான் வருகிறது, ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருகிறது. தொற்றுநோய் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? இத்தனைக்கும் ஜப்பானியக் கடற்படையில் தகாகி கனெஹிரோ என்ற மருத்துவர் சாப்பாட்டை மாற்றியே பெரிபெரியை விரட்டிக்கொண்டிருந்தார். 1882இல் கிளம்பிய ரியூஜோ என்ற கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய், 25 பேர் மரணம். 1884இல் அதே பாதையில் சென்ற சுகுபா கப்பலில் வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சியும் பாலும் கோதுமை, பார்லி வகைகளும் சேர்த்தார், ஒருவரும் சாகவில்லை. ஆனால் புரதம் போதாததுதான் காரணம் என்று தகாகி சொன்னார். கிருமி வேட்டையில் இருந்த ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெகெல்ஹாரிங்கும் விங்க்லரும் உருப்படியாக ஒன்றைக் கண்டார்கள். பெரிபெரியில் கெட்டுப்போவது கை கால்களுக்குச் செல்லும் நரம்புகள். பல நரம்புகள் ஒரே சமயத்தில் சிதைகின்றன; இதைத்தான் மருத்துவத்தில் பாலிநியூரைட்டிஸ் என்கிறார்கள். அதுவரை சரி. கூடவே ரத்தத்தில் ஒரு கிருமியையும் பார்த்துவிட்டதாக நினைத்தார்கள். முகாம்களைக் கிருமிநாசினியால் கழுவச் சொல்லிவிட்டு 1887இல் ஊர் திரும்பினார்கள். மிச்ச வேலையை முடிக்க விட்டுப்போன ஆள்தான் எய்க்மன்.

எய்க்மன் 1858இல் ஹாலந்தில் நெய்கெர்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். வசதி இல்லாததால் ராணுவச் செலவில் மருத்துவம் படித்தார். பதிலுக்கு ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும். 1883இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் நரம்புகளில் மின்னோட்டம்! (பின்னால் நடக்கப்போவதை நினைத்தால் பொருத்தம்தான்.) அதே வருடம் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். இரண்டே வருடத்தில் மலேரியா அவரை உருக்குலைத்துத் திருப்பி அனுப்பியது. 1886இல் இளம் மனைவியும் இறந்துபோனார். வேறொருவராக இருந்தால் கிழக்குப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். எய்க்மன் பெர்லினுக்குப் போய் கோக்கிடம் கிருமியியல் படித்தார். அங்கேதான் பெகெல்ஹாரிங், விங்க்லரைச் சந்தித்து, அவர்களோடு மறுபடி கப்பல் ஏறினார். 1888 ஜனவரியில் படேவியா ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

பெரிபெரி நோயாளியின் ரத்தத்தை மிருகங்களுக்கு ஊசி போட்டு நோயை வரவழைப்பது. இதுதான் திட்டம். முயல், நாய், குரங்கு என்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நிறைய மிருகங்கள் வேண்டும், காசு இல்லை. மலிவாகக் கிடைப்பது கோழி. கோழி வாங்கினார்.

சில கோழிகளுக்கு ஊசி போட்டார். சிலவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டார். ஊசி போட்டவை நொண்டின. எய்க்மனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! ஆனால் கொஞ்ச நாளில் சும்மா விட்டவையும் நொண்டின. சரி, ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றியிருக்கும் என்று புதுக் கோழிகளைத் தனியாக வைத்தார். அவையும் நொண்டின. செத்த கோழிகளின் நரம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிபெரியில் செத்த மனிதனின் நரம்பைப் போலவே சிதைந்திருந்தது. கிருமி மட்டும் கண்ணில் படவில்லை.

இப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது நவம்பர் கடைசியில் இன்னொரு கூத்து. கோழிகள் எல்லாம் தானாகக் குணமாகிவிட்டன! புதிதாக ஒன்றும் நொண்டவில்லை. ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு நோயே இல்லை.

கிருமி எதுவும் வரவும் இல்லை, போகவும் இல்லை என்றால் வேறு என்ன மாறியது? எய்க்மன் தீவனத்தை விசாரித்தார். கதை வெளியே வந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆய்வுக்கூட ஊழியர், செலவை மிச்சப்படுத்த, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த சோற்றை வாங்கிவந்து போட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. அப்புறம் சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர் கறார் பேர்வழி. ராணுவத்தின் அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஊழியர் கடையில் மலிவான, தீட்டாத அரிசியை வாங்கிப் போட்டார். வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் தொடங்கியது ஜூலை 10 வாக்கில். நின்றது நவம்பர் கடைசியில்.

சோறு தொடங்கி நோய் தொடங்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது பாருங்கள். இதற்குக் காரணம் இன்று தெரியும். தேவையான அந்தப் பொருளை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைத்துக்கொள்வதில்லை.

நெல்லைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. நெல்லின் மேலே உமி. அதை நீக்கினால் பழுப்பாக ஒரு மெல்லிய தோலோடு அரிசி தெரியும். அந்தத் தோலும் முளைக்கருவும் தீட்டும்போது தூளாகி வருவதுதான் தவிடு. டச்சுக்காரர்கள் அந்தத் தோலை 'வெள்ளிச் சவ்வு' என்று அழைத்தார்கள். உரலில் போட்டு உலக்கையால் குத்தும்போது இந்தத் தோல் முழுதாகப் போகாது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நீராவி அரிசி ஆலைகள் வந்தபிறகு சுத்தமாகத் தீட்ட முடிந்தது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வெள்ளை அரிசி மாதக்கணக்கில் தாங்கும். ராணுவக் கிடங்குக்கும் சிறைக் கிடங்குக்கும் வேறு என்ன வேண்டும்? வெள்ளையாக இருப்பதால் கௌரவமும் கூட. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போனது. மனிதன் மூட்டை கட்டி வீசியதைச் சாப்பிட்டுத்தான் வீட்டுக் கோழிகள் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. மனிதர் சாப்பாட்டுக்கு உயர்த்தப்பட்ட ஆய்வுக்கூடக் கோழிகள்தான் நொண்டின!

எய்க்மன் இப்போது வரிசையாகச் சோதனை செய்தார். வெள்ளை அரிசி கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் நோய். வேகவைக்காமல் கொடுத்தாலும் அதேதான். எனவே சமையலில் கோளாறு இல்லை. தோலோடு இருக்கும் அரிசி கொடுத்தால் நோய் இல்லை. வெள்ளை அரிசியோடு தவிடு சேர்த்தால் நோய் இல்லை. படுத்துவிட்ட கோழிக்குத் தோலுள்ள அரிசி கொடுத்தால், முற்றிப்போகாமல் இருந்தால், எழுந்து நடந்தது. ஜவ்வரிசி மாவு, மரவள்ளி மாவு மட்டும் கொடுத்தபோது அரிசியே இல்லாமலும் நோய் வந்தது. கோழிகளின் இந்த நோய்க்குப் பாலிநியூரைட்டிஸ் கல்லினாரம் என்று பெயர் வைத்தார்; கோழிகளின் பலநரம்பு அழற்சி என்று அர்த்தம்.

இவ்வளவையும் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? தவிட்டில் ஏதோ அவசியமான பொருள் இருக்கிறது, அது இல்லாததால் நோய் என்றுதானே? எய்க்மன் அப்படிச் சொல்லவில்லை. கோழியின் தீனிப்பையில் மாவுச்சத்து புளித்து ஒரு நஞ்சு உண்டாகிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். கோக்கின் மாணவர் அல்லவா! நோய் என்றால் ஏதாவது ஒன்று உள்ளே வந்து தாக்க வேண்டும். கிருமி இல்லையா, சரி, நஞ்சு. ஒன்று *இல்லாததால்* நோய் வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இதை வைத்து அவரை மட்டம் தட்டுவது எளிது. ஆனால் அன்றைய மருத்துவத்தில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்புகள், தண்ணீர் இவைதான் உணவு. இவை இருந்தால் போதும் என்று நம்பினார்கள். இல்லாத ஒன்றின் பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கோழி விஷயம் மனிதருக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியை எய்க்மன், ஜாவா-மதுரா தீவுகளின் சுகாதார ஆய்வாளராக இருந்த தன் நண்பர் அடோல்ஃப் வோர்டெர்மனிடம் சொன்னார். (இந்த மதுரா ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு. நம் மதுரை அல்ல!) ஜாவாவின் சிறைகளில் அந்தந்த வட்டார வழக்கப்படி சில இடங்களில் தோலுள்ள அரிசியும் சில இடங்களில் வெள்ளை அரிசியும் போட்டார்கள். யாரும் திட்டமிடாமலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்க்க ஆள்தான் இல்லை. வோர்டெர்மன் எண்ணினார். 101 சிறைகள், ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகள்.

தோலுள்ள அரிசி போட்ட 37 சிறைகளில் பெரிபெரி இருந்தது ஒரே ஒன்றில். இரண்டும் கலந்து போட்ட 13 சிறைகளில் 6. வெள்ளை அரிசி போட்ட 51 சிறைகளில் 36. ஆள் கணக்கில் பார்த்தால் இன்னும் அதிர்ச்சி. தோலுள்ள அரிசி சாப்பிட்டவர்களில் சுமார் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கு நோய். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 39 பேருக்கு ஒருவர். கட்டடம் பழையதா புதியதா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் எவ்வளவு என்பதையெல்லாம் கூட அவர் குறித்து வைத்திருந்தார். அவற்றுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. 1897இல் இது வெளியானது. அதற்கு முந்தைய வருடமே எய்க்மன் உடல்நலம் கெட்டு ஹாலந்து திரும்பிவிட்டார். 1898இல் உட்ரெக்டில் பேராசிரியர் ஆனார்.

படேவியாவில் அவர் இடத்தில் வேலையைத் தொடர்ந்தவர் கெரிட் கிரைன்ஸ். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர், ஆனால் விடையைச் சரியாகச் சொன்னவர். கிரைன்ஸ் கோழிகளுக்கு அரிசிக்குப் பதில் இறைச்சி கொடுத்தார். ஆனால் 120 டிகிரி சூட்டில் நீண்ட நேரம் வேகவைத்த இறைச்சி. கோழிகள் நொண்டின! இறைச்சியில் மாவுச்சத்து கிடையாது. பிறகு தீனிப்பையில் என்ன புளிக்கும், என்ன நஞ்சு உண்டாகும்? எய்க்மனின் நஞ்சுக் கொள்கைக்கு விழுந்த அடி அது. இன்னொரு பக்கம், பாசிப்பயறு கொடுத்த கோழிகள் பிழைத்தன. அரிசித் தவிட்டில் இருப்பது பாசிப்பயறிலும் இருக்கிறது, அதிகச் சூட்டில் அழிந்துவிடுகிறது. 1901இல் கிரைன்ஸ் எழுதியதன் சாரம் இதுதான்: இயற்கை உணவுகளில் சில பொருட்கள் உண்டு, அவை இல்லாமல் போனால் நரம்புகள் கெடும். தாக்க வந்தது எதுவும் இல்லை, கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். டச்சு மொழியில், காலனியின் மருத்துவ இதழில் எழுதியதால் வெளியே பலருக்குத் தெரியவில்லை. எய்க்மன் இதை முழுதாக ஒப்புக்கொள்ளச் சில வருடங்கள் ஆயிற்று.

(எய்க்மனுக்கும் ஒரு கால்பங்கு நியாயம் உண்டு. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்குவதற்குத்தான் உடம்புக்கு அந்தப் பொருள் தேவை. சோறு கூடக்கூட அதன் தேவையும் கூடும். நரம்பு பெரும்பாலும் சர்க்கரையை எரித்தே பிழைப்பதால் முதல் அடி அங்கேதான் விழும். மாவுச்சத்தில் அவர் சந்தேகப்பட்டது முற்றிலும் வீண் இல்லை.)

இதே சமயத்தில் பக்கத்து மலாயாவில் நடந்தது தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அங்கே ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள், ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் தமிழர்கள், கிராமங்களில் மலாய்க்காரர்கள். எல்லோரும் சோறு சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் பெரிபெரியில் சீனர்கள்தான் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அநேகமாக நோயே இல்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் புத்தகமே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் கேட்டு வாங்கியது புழுங்கல் அரிசி!

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தோலிலும் முளைக்கருவிலும் இருக்கும் அந்தச் சத்து கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவும் இறுகிவிடுவதால் பிறகு ஆலையில் தீட்டினாலும் சத்து முழுவதும் தவிட்டோடு போவதில்லை. நெல் புழுக்கிய நம் ஊர்ப் பெண்கள் எவருக்கும் இந்த ரசாயனம் தெரியாது. குத்தும்போது நொய் விழாது, சோறு குழையாது, பசி தாங்கும் என்பதற்காகப் புழுக்கினார்கள். தோட்டத்தில் ஆயிரம் கொடுமைகளை அனுபவித்த அந்தத் தொழிலாளியை இந்த ஒரு நோயிலிருந்து காப்பாற்றியது அந்தப் பழக்கம்.

பிராடன், கெட்டுப்போன அரிசியில் பூஞ்சணம் நஞ்சு உண்டாக்குகிறது என்றார். (மறுபடியும் நஞ்சு!) ஆனால் அவருடைய கவனிப்பு வீண்போகவில்லை. 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர், உள்ளே இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு கட்டடங்களுக்குப் பிரித்தார். ஒரு கட்டடத்துக்கு வெள்ளைப் பச்சரிசி, மறு கட்டடத்துக்குப் புழுங்கல். பச்சரிசிக் கட்டடத்தில் 120 பேரில் கால்வாசிக்கும் மேல் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் கட்டடத்தில் அந்த நோயால் ஒருவர் கூட இறக்கவில்லை. கண்டுபிடிப்பு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் சம்மதம் கேட்கப்படாத, கேட்டாலும் சொல்ல முடியாத நிலையில் இருந்த மனிதர்கள் அவர்கள். கோழிக்கூண்டில் செய்ததை மனிதர்களை வைத்துச் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, அரிசியை மாற்றிக் கொடுத்து, கிருமியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை என்று நிறுவினார்கள். அவர்களும் கடைசியில் கோழிகளிடம்தான் வந்தார்கள். எந்த அரிசி ஆபத்தானது என்று கோழிகளுக்குப் போட்டுப் பார்த்து, அரிசியில் இருக்கும் பாஸ்பரஸின் அளவை வைத்து அதை முன்கூட்டியே சொல்லும் வழியையும் கண்டார்கள். பாஸ்பரஸ் மருந்து அல்ல. எவ்வளவு தவிடு மிச்சம் இருக்கிறது என்பதன் அடையாளம், அவ்வளவே.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். பச்சரிசி சாப்பிட்ட வடக்கு சர்க்கார் கடற்கரையில் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பெரிபெரி உண்டு. 1835இலேயே மால்கம்சன் என்ற மருத்துவர் சென்னையில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். புழுங்கல் சாப்பிட்ட தமிழ்ப் பகுதியில் அந்தத் தொல்லை இல்லை. 1918இல் ராபர்ட் மெக்கரிசன், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி விசாரணைப் பிரிவைத் தொடங்கினார். அவர் கோழிக்குப் பதில் புறாக்களை வைத்துக்கொண்டார். அந்த ஒற்றை அறை வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நொண்டும் கோழிக்கெல்லாம் தவிட்டைக் கரைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 1907இல், அதாவது பிராடன் புத்தகம் வந்த அதே வருடம், ஹங்கேரியில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் கால், இறக்கை விழுந்துபோன நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அவரும் பாலிநியூரைட்டிஸ் என்றுதான் எழுதினார். நரம்புகள் தடித்து வீங்கியிருந்தன. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு கோழி படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்த நோய்தான். மாரெக் நோய் என்றே பெயர். இதற்கு எந்தச் சத்துக் குறைவும் காரணம் இல்லை. ஹெர்பீஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் காரணம் என்று இங்கிலாந்தில் 1967இல் கண்டுபிடித்தார்கள். இறகுத் தூசியில் பரவும் அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்தவுடன் போடும் தடுப்பூசிதான் வழி. எய்க்மன் தேடிய மாதிரி ஒரு தொற்றுக் காரணம் கோழிகளின் நரம்பு நோயில் நிஜமாகவே இருந்திருக்கிறது. ஆனால் அவர் கூண்டில் இருந்தது அது இல்லை! வெள்ளைக்கழிச்சலில் கழுத்து திருகிக்கொள்வதும் வைரஸ் வேலைதான்.

மறுபக்கம், இல்லாமையால் வரும் முடக்கங்களும் வரிசையாக வெளிவந்தன. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டால் ரிபோஃப்ளேவின் குறைவு. எலும்பு வளைந்து மெத்தென்று ஆனால் வைட்டமின் டி. கணுக்காலில் தசைநாண் இடம் பெயர்ந்து கால் கோணிக்கொண்டால் மாங்கனீசு என்று 1936இல் அமெரிக்காவில் கண்டார்கள். குஞ்சு தலையைப் பின்னுக்கு வளைத்துத் தள்ளாடினால் வைட்டமின் ஈ ஆகவும் இருக்கலாம். கோழிகளை வெயிலும் குப்பையும் இல்லாத கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கத் தொடங்கிய காலத்தில்தான் இவற்றில் பல பெரிய பிரச்சினை ஆயின. முற்றத்தில் கிளறித் திரியும் கோழி புழு, பூச்சி, கீரை, தவிடு என்று தானே தேடிக்கொள்ளும்.

தவிட்டில் இருந்த பொருளைப் பிடிக்கும் வேலை நீண்டுகொண்டே போயிற்று. 1911-12இல் லண்டனில் காசிமிர் ஃபுங்க் அதைப் பிரித்துவிட்டதாக நினைத்தார். அவர் கையில் கிடைத்தது சுத்தமானது இல்லை. ஆனால் அவர் வைத்த 'வைட்டமின்' என்ற பெயர் நின்றுவிட்டது. 1926இல் யான்சென், டோனாத் என்ற இருவர் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். எங்கே? அதே படேவியாவில், எய்க்மன் வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் வாரிசில். அவர்கள் பயன்படுத்தியது கோழி இல்லை, வயல்களில் திரியும் சின்னச் சில்லைக் குருவி. அதற்கு நோய் இன்னும் சீக்கிரம் வரும், மருந்தும் துளிதான் வேண்டும். 1936இல் அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் அந்தப் பொருளின் அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் செய்து காட்டினார். தயமின், அதாவது வைட்டமின் பி1. வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில். பெற்றோர் அங்கே மிஷனரிகள். பெரிபெரி இருந்த அதே கடற்கரை.

1929இல் மருத்துவ நோபல் பரிசு எய்க்மனுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கிரைன்ஸுக்கு இல்லை. அவர் அப்போது ஹாலந்தில் வாகனிங்கன் என்ற ஊரில் விலங்கு உடலியல் பேராசிரியராக இருந்தார். எய்க்மன் படுத்த படுக்கையாகிவிட்டதால் ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. உரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் நவம்பரில் இறந்துபோனார். அந்த உரையில் நொண்டிய கோழிகளைப் பற்றியும், மாறிய அரிசியைப் பற்றியும், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்த புதுச் சமையற்காரரைப் பற்றியும் அவரே சொல்லியிருக்கிறார். சமையற்காரரின் பெயரைச் சொல்லவில்லை.